காலி அறைக்குள் வந்தவர்கள்

ஒரு பெண் ஜன்னல் திரைக்குத் தூசு எடுத்துக்கொண்டிருக்கிறாள். தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன வாக்குவம் கிளீனர், கையில் அதன் நீண்ட குழாய். பூவேலை செய்த கனத்த திரைத்துணி. அது விலகிய இடத்தில் புல்வெளியோ ரோஜாச் செடியோ தெரிய வேண்டும். தெரிவது வேறு. பாறைகளுக்கு நடுவே இரும்புத் தொப்பி போட்ட சிப்பாய்கள், கறுப்பு வெள்ளையில், நின்றுகொண்டிருக்கிறார்கள். அவளுடைய கவனமெல்லாம் துணியின் மடிப்பில் இருக்கிறது.

அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் செய்த கொலாஜ் இது. ‘திரைகளைச் சுத்தம் செய்தல்’ என்று பெயர். ராஸ்லர் 1943இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். 1967க்கும் 1972க்கும் இடையில், வியட்நாம் போர் கொழுந்துவிட்டு எரிந்த ஆண்டுகளில், அவர் செய்த சுமார் 20 படங்களில் இது ஒன்று. மொத்த வரிசைக்கும் ‘ஹவுஸ் பியூட்டிஃபுல்: பிரிங்கிங் த வார் ஹோம்’ என்று தலைப்பிட்டார். தலைப்பின் முன்பாதி, 1896 முதல் வந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டு அலங்காரப் பத்திரிகையின் பெயர். பின்பாதி, போரை வீட்டுக்குக் கொண்டுவா என்று அன்றைய போர் எதிர்ப்பாளர்கள் எழுப்பிய முழக்கம்.

இந்தப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நான் கேட்கும் பதில் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ஓவியர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன், நன்றாகப் படித்த விமர்சகர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களைச் சேர்த்து வைத்தால் யாருக்கும் திடுக்கென்றுதான் இருக்கும், அதில் என்ன சாமர்த்தியம் என்பார்கள். வெட்டி ஒட்டுவதற்குக் கத்தரிக்கோலும் பசையும் போதும், கை தேர்ந்திருக்க வேண்டியதில்லை என்பார்கள். விளம்பரத்தின் மினுமினுப்பைக் கடன் வாங்கிக்கொண்டே விளம்பரத்தைத் திட்டுவது எப்படி நியாயம் என்பார்கள். கடைசியில் அதுவும் அருங்காட்சியகத்தில் விலைபோன சரக்குதானே என்று முடிப்பார்கள்.

இவை நான்கு குற்றச்சாட்டுகள் போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். ‘சேர்த்தார்’ என்ற அந்தச் சொல். தனித்தனியாகக் கிடந்தவற்றை ராஸ்லர் சேர்த்தார் என்று எடுத்துக்கொண்டால், மற்ற எல்லாமே அதன் பின்னால் வரிசையாக வந்துவிடும். அந்தச் சொல் தவறு. அவை தனித்தனியாகக் கிடக்கவில்லை.

அறுபதுகளின் ‘லைஃப்’ வார இதழைக் கையில் எடுத்தவர்களுக்கு இது தெரியும். பெரிய அளவுத் தாள், அமெரிக்காவின் நடுத்தர வீடுகளில் லட்சக்கணக்கில் விழுந்த பத்திரிகை. வியட்நாமிலிருந்து வந்த மிகக் கடுமையான போர்ப்படங்கள் பல அதில்தான் வெளிவந்தன. அதே இதழில் மெத்தை விளம்பரம், குளிர்பதனப் பெட்டி விளம்பரம், புதுக் கார், சிகரெட், முகப்பூச்சு. ஒரே பின்னால் தைத்த ஒரே இதழ். ஒரே தபால்காரர் கொண்டுவந்து போட்டது. ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே கை புரட்டியது. செத்த குழந்தைக்கும் பஞ்சு மெத்தைக்கும் இடையில் இருந்தது ஒரு தாளின் தடிமன். ராஸ்லரின் கத்தி அந்தத் தாளை எடுத்துவிட்டது. அவர் செய்தது அவ்வளவுதான், அதுவே போதுமானதாகவும் இருந்தது.

தாள்தானே என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தாள் தானாக அங்கே வந்து உட்காரவில்லை. எனக்கு இது தெரிந்தது புத்தகம் படித்து அல்ல.

எண்பதுகளின் கடைசியில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் பேஸ்ட்அப் மேசையில் வேலைக்குச் சேர்ந்தேன். கணினி வருவதற்கு முந்திய காலம். போட்டோ டைப்செட்டிங்கில் வந்த புரோமைட் தாளைப் பத்தி பத்தியாக வெட்டி, பின்பக்கம் ரப்பர் சொல்யூஷன் தடவி, வெளிர்நீலக் கோடு போட்ட அட்டையில் ஒட்ட வேண்டும். கோடு பிசகினால் ஆசிரியர் கண்ணில் முதலில் அதுதான் படும். கதை, கவிதை, அரசியல், சமையல் குறிப்பு எல்லாம் எங்கள் கையில் கீற்றுக் கீற்றாகத்தான் வரும். வாசகர் ஒரு பத்திரிகை என்று கையில் பிடிப்பது முழுக்க முழுக்க வெட்டி ஒட்டிய பொருள். வெட்டி ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள், காலையில் காபியோடு அதைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள்.

அந்த மேசைக்கு முதலில் வருவது கட்டுரை அல்ல, டம்மி. எந்தப் பக்கத்தில் எந்த விளம்பரம், எத்தனை பத்தி, எத்தனை சென்டிமீட்டர் என்று விளம்பரப் பிரிவு குறித்து அனுப்பும் தாள். மிச்சம் இருக்கும் இடம்தான் மேட்டருக்கு. டம்மியோடு சில வாய்வழிச் சட்டங்களும் வரும். விமான விபத்து நடந்த வாரத்தில் விமான நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். மருத்துவமனை விளம்பரம் உள்ள பக்கத்தில் சாவுச் செய்தி வரக் கூடாது. உணவு விஷமான செய்தியை மசாலாப் பொடியிலிருந்து நான்கு பக்கமாவது தள்ளி வைக்க வேண்டும். யாரும் இதை எழுதி ஒட்டவில்லை. வேலை பழகும்போதே இதுவும் பழகிவிடும்.

நான் சேர்ந்த முதல் தை மாதம் ஒரு தவறு செய்தேன். வலப்பக்கம் முழுவதும் ஒரு ஜவுளிக்கடையின் முகூர்த்தப் பட்டு விளம்பரம். மணமகள் தலைகுனிந்து சிரிக்கிறாள், கழுத்து நிறைய நகை. இடப்பக்கத்தில் அரைப் பத்தி குறைந்தது. கையில் இருந்த துண்டுச் செய்திகளில் அளவுக்குச் சரியாக வந்த ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டேன். ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி; திருமணமாகி எட்டு மாதம். அந்த நாட்களில் அப்படி ஒரு செய்தி இல்லாத வாரம் கிடையாது. எந்த வீட்டிலும் மாமியார் கையில் வெடிக்காத ஸ்டவ், மருமகள் கையில் மட்டும் ஏன் வெடித்தது என்று ஊருக்கே தெரியும். உதவி ஆசிரியர் அட்டையைப் பார்த்தார். “என்னப்பா, பார்த்தா தெரியலையா உனக்கு?” என்றார். “தெரியுது சார்” என்றேன். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. பட்டும் நகையும் எத்தனை பவுன் என்ற பேரமும் ஸ்டவ்வும் ஒரே கதையின் பக்கங்கள். நான் அளவு பார்த்து ஒட்டியது அந்தக் கதையைச் சொல்லிவிட்டது. பக்கத்தைப் பிரித்து மறுபடி ஒட்டச் சொன்னார்கள்.

ஆகவே, சம்பந்தம் இல்லாததைச் சேர்ப்பது எளிது என்று யாராவது ராஸ்லரைப் பற்றிச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. சம்பந்தம் உள்ளதைப் பிரித்து வைக்க எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று அறிந்தவன் நான். அந்தச் சம்பளத்தை வாங்கியவனும் நான்தான்.

அமெரிக்காவில் இந்தப் பிரிவினை இன்னும் கூர்மையானது. வியட்நாம் போரை ‘வரவேற்பறைப் போர்’ என்று மைக்கேல் ஆர்லன் என்ற பத்திரிகையாளர் அந்தக் காலத்திலேயே அழைத்தார். தொலைக்காட்சிப் பெட்டி வழியாகப் போர் தினமும் மாலையில் வீட்டுக்குள் வந்தது. செய்தி, விளம்பரம், மறுபடி செய்தி. போர் வீட்டுக்குள்ளேதான் இருந்தது. ஆனால் பெட்டிக்குள் இருந்தது. அது கம்பளத்தில் கால் வைக்கவில்லை. ராஸ்லர் படங்களில் கால் வைக்கிறது. ‘ரெட் ஸ்ட்ரைப் கிச்சன்’ என்ற படத்தில் வெள்ளை வெளேரென்ற சமையலறை. சிவப்புக் கோடு, சிவப்புப் பாத்திரங்கள், ஒரு விரல் அழுக்கு இல்லை. பின்னால் நடையில் இரண்டு சிப்பாய்கள் குனிந்து எதையோ தேடுகிறார்கள், கண்ணிவெடி தேடுகிறவர்களைப் போல. ‘பலூன்ஸ்’ படத்தில் ஒரு மூலையில் வண்ணப் பலூன்கள் குவிந்து கிடக்க, மாடிப்படியில் ஒரு வியட்நாமியர் ரத்தம் தோய்ந்த குழந்தையை ஏந்திக்கொண்டு ஏறுகிறார்.

இந்தப் படங்களில் நான் மீண்டும் மீண்டும் பார்ப்பது அந்த அறைகளைத்தான். வீட்டு அலங்காரப் பத்திரிகைகளில் வரும் அறைகளை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார்கள். சோபா இருக்கும், மெத்தையில் ஒரு சின்னப் பள்ளம்கூட இருக்காது. மேசையில் பழத்தட்டு இருக்கும், தின்பதற்கு ஆள் இருக்காது. மாடிப்படி இருக்கும், ஏறுகிறவர் இல்லை. அந்த வெறுமை அஜாக்கிரதையால் வந்ததல்ல. அது வாசகிக்காக ஒதுக்கிய இடம். இங்கே நீங்கள் இருக்கலாம் என்ற அழைப்பு. விளம்பரம் பொருளை விற்பதைவிட இந்தக் காலி இடத்தைத்தான் விற்கிறது. பொருள் வாங்கினால் அந்த இடம் உங்களுக்கு.

ராஸ்லர் அந்த இடத்தில் வேறு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ‘ட்ரான்’ என்ற படத்தில் நவீனமான ஒரு வரவேற்பறை. நடுவில் ஒரு கால் இழந்த வியட்நாமியச் சிறுமி நிற்கிறாள். 1968 நவம்பரில் ‘லைஃப்’ வெளியிட்ட படத்திலிருந்து வந்தவள் அவள். அழைப்பு அவளுக்கு அனுப்பப்படவில்லை. ஆனால் இடம் காலியாக இருந்தது, வந்துவிட்டாள். இதைக் கடன் வாங்கிய மினுமினுப்பு என்று சொல்கிறவர்கள், விளம்பரத்தின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. மினுமினுப்பை அவர் தொடவேயில்லை. அது அப்படியே பளபளத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் இருந்த காலி நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இங்கே ரிச்சர்ட் ஹாமில்டனை நினைக்காமல் இருக்க முடியாது. 1956இல் லண்டனில் நடந்த ‘திஸ் இஸ் டுமாரோ’ கண்காட்சிக்காக அந்த ஆங்கிலேயக் கலைஞர் செய்த சின்னக் கொலாஜ், விளம்பரத்திலிருந்து பிறந்த கலைக்கெல்லாம் மூத்த பிள்ளை என்று கொண்டாடப்படுகிறது. அங்கேயும் ஒரு வரவேற்பறைதான். டேப் ரிக்கார்டர், தொலைக்காட்சி, டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சி, தசை முறுக்கிய ஆணழகன், படியில் வாக்குவம் கிளீனரோடு ஒரு பெண். அறை பொருளால் பிதுங்குகிறது. எனக்கு அந்தப் படம் பிடிக்கும். ஆனால் அதன் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் ஒரு சினிமாக் கொட்டகையின் விளக்கு வெளிச்சம்தான். பொருளுக்கு வெளியேயும் பொருள்தான். அந்த அறையிலிருந்து யாரும் வெளியே போக முடியாது, யாரும் உள்ளே வரவும் முடியாது. பத்து ஆண்டுக்கும் மேல் கழித்து ராஸ்லர் அதே வாக்குவம் கிளீனரை ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, திரையை விலக்கிக் காட்டினார். ஹாமில்டனைப் பாடப் புத்தகத்தில் வைத்துவிட்டு ராஸ்லரைப் பிரச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கை தேர்ச்சி வேண்டாம் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். கொலாஜில் ஒட்டும் இடம் தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா என்பது முதல் முடிவு. ஜெர்மனியின் ஹன்னா ஹோக் ஒட்டு தெரிய விட்டார். அவருடைய புகழ்பெற்ற ‘சமையலறைக் கத்தி’ கொலாஜில் பல்சக்கரங்களும் அரசியல்வாதிகளின் தலைகளும் நடனக்காரிகளின் உடல்களும் மிதக்கின்றன. எது எங்கே நிற்கிறது என்று தரையே இல்லை. (ஹோக் பெர்லினில் உல்ஸ்டைன் பதிப்பகத்தில் பெண்கள் பத்திரிகைகளுக்குத் தையல், பூவேலை மாதிரிகள் வரைந்து பத்தாண்டு வேலை பார்த்தவர். அவரும் பத்திரிகை மேசையிலிருந்து வந்தவர் என்பது எனக்கு ஒரு தனி சந்தோஷம்.) அதே ஜெர்மனியின் ஜான் ஹார்ட்ஃபீல்ட் ஒட்டை மறைத்தார். 1935இல் அவர் செய்த படத்தில் ஒரு ஜெர்மானியக் குடும்பம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இரும்பைத் தின்கிறது. தொட்டில் குழந்தை கோடரியைக் கடிக்கிறது. சுவர்த்தாள் முழுக்க ஸ்வஸ்திகா. இரும்பு நாட்டை வலுவாக்கும், வெண்ணெய் உடம்பைப் பெருக்க வைக்கும் என்ற பொருளில் நாஜித் தலைவர் கோரிங் பேசியதற்கு அது பதில். அறை நம்பும்படியாக இருக்கிறது, அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது.

ராஸ்லர் ஹார்ட்ஃபீல்ட் வழி வந்தவர். ஆனால் ஒரு படி கூடுதலாகப் போகிறார். அவருடைய கத்தி போகும் பாதையைப் பின்தொடர்ந்து பார்த்தேன். ஜன்னல் சட்டம், கதவு நிலை, திரையின் விளிம்பு, சுவரில் மாட்டிய படத்தின் சட்டம். வீட்டில் ஏற்கெனவே எங்கே வெட்டு இருக்கிறதோ அங்கேதான் அவரும் வெட்டுகிறார். உள்ளேயும் வெளியேயும் பிரியும் கோட்டைக் கட்டட வேலைக்காரர்கள் போட்டுவிட்டார்கள். அவர் அந்தக் கோட்டில் கத்தி வைக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய அமெரிக்கப் புறநகர் வீட்டில் சுவர் அளவுக்குக் கண்ணாடி ஜன்னல் வைப்பது அந்தஸ்து. தோட்டத்தைப் படம் போலப் பார்ப்பதற்காக வைத்த ஜன்னல் அது. ‘ஜியகோமெட்டி’ என்ற படத்தில் செல்வந்தர் வீட்டு அறையில் சிற்பி ஜியகோமெட்டியின் மெலிந்த சிற்பம் நிற்கிறது, கண்ணாடிக்கு வெளியே பிணங்கள். அந்த அறையின் பார்வைக்கோணத்துக்கும் வெளியே கிடப்பவர்களின் அளவுக்கும் பொருத்தம் பார்க்காமல் இது நடக்காது. உள்ளே நிற்கும் மனிதன் எத்தனை உயரம், தரை எங்கே முடிகிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து, நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டி, அந்த ஒரு படத்தைத் தேட வேண்டும். நான்கு மில்லிமீட்டர் பிசகினால் ‘ட்ரான்’ படத்துச் சிறுமி தரையில் நிற்க மாட்டாள், மிதப்பாள். மிதந்தால் அவள் கனவு. நின்றால் விருந்தாளி. அட்டையில் பத்தி ஒட்டியவனுக்கு அந்த நான்கு மில்லிமீட்டரின் அருமை தெரியும்.

ஒருமுறை அவர் திசையையும் திருப்பினார். ‘பியூட்டி ரெஸ்ட்’ படத்தில் போர் வீட்டுக்குள் வரவில்லை. மெத்தை விளம்பரத்துக் குடும்பம் தன் மெத்தையோடு, குண்டு விழுந்து இடிந்த வீட்டுக்குள் போய்க் கிடக்கிறது. குழந்தை கையில் பொம்மை விமானம். எந்த அப்பா அம்மாவும் வாங்கித் தரும் பொம்மைதான். இந்த வரிசையில் என்னால் அதிக நேரம் பார்க்க முடியாத படம் இதுதான்.

அடுத்தவர் படத்தை எடுப்பது திருட்டு என்று இன்னொரு வாதமும் உண்டு, அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். மெத்தைக் கம்பெனியின் விளம்பரத்தை எடுத்தது திருட்டா என்றால் எனக்குக் கவலை இல்லை. நாம் கேட்காமலே நம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்த படம் அது. அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தச் சிறுமியின் படத்தை எடுத்தவர் லாரி பரோஸ். 1971இல் லாவோஸ் மேலே சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டரில் வேறு புகைப்படக்காரர்களோடு செத்துப்போனவர். அவர் பெயர் அந்தக் கொலாஜில் இல்லை. சிறுமியிடமும் யாரும் கேட்கவில்லை. இது குறைதான், மறைக்க நான் தயாரில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்வேன்: ராஸ்லர் அவள் பெயரைத் தலைப்பில் வைத்தார். அந்த அறையில் இருக்கும் எதற்கும் பெயர் இல்லை, அவளுக்கு மட்டும் இருக்கிறது. விற்பதற்காகவும் அவர் அன்று இதைச் செய்யவில்லை. ஒளிநகல் எடுத்து ஊர்வலங்களில் கையில் கொடுத்தார். சான் டியேகோவில் வந்த பெண்ணியப் பத்திரிகை போன்ற சிறு தாள்களில் அச்சிடக் கொடுத்தார்.

அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பாதி பதில். போர் நடந்தபோது இவை கலைக்கூடச் சுவரில் தொங்கவில்லை. போர் முடிந்து பல ஆண்டு கழித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் வண்ண அச்சுகளாகச் சட்டத்துக்குள் ஏறின. இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கையில் கொடுத்த துண்டுத்தாளின் வேலை வேறு, சுவரில் இருக்கும் படத்தின் வேலை வேறு. இரண்டாவது வந்ததால் முதலாவது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. சந்தை எதையும் விழுங்கும் என்பதும் உண்மை. அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகரைப் பாருங்கள். அவரும் அறுபதுகளில் ‘மாட்மொசல்’ பெண்கள் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்தவர். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து என்ற அவர் பாணியை ‘சுப்ரீம்’ என்ற உடுப்பு நிறுவனம் தன் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டது. பாணி இருந்தால் திருட முடிகிறது. ராஸ்லரிடம் அப்படித் திருட எதுவும் இல்லை. நிறம், எழுத்து, வெளிச்சம் எல்லாம் விளம்பரத்தினுடையவையே. அவருடையது அந்த வெட்டு மட்டும். இடிந்த வீட்டில் கிடக்கும் மெத்தையை எந்தக் கம்பெனி தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ளும்?

2012 நவம்பரில் அதே அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் அவர் பழைய துணியும் பாத்திரமும் பொம்மையும் பரப்பி, வந்தவர்களோடு நின்று பேரம் பேசி விற்றார். 1973இல் கலிபோர்னியாவில் மாணவியாக இருந்தபோது தொடங்கிய வேலை அது. தான் நிற்கும் இடம் கடைதான் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

2004இல் ஈராக் போரின்போது ராஸ்லர் கத்தரிக்கோலை மறுபடி எடுத்தார். அதே வரிசை, புதிய படங்கள். உடனே, பழைய வித்தையைத் திரும்பக் காட்டுகிறார் என்றார்கள். திரும்ப வந்தது வித்தை மட்டும்தானா? ‘போட்டோ ஆப்’ என்ற படத்தில் பொன்னிறக் கூந்தல் பெண் ஒருத்தி, அச்சு அசல் இரண்டு பேராக, கைபேசித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அழகான நாற்காலிகளில் உயிரில்லாத குழந்தைகள் சாய்ந்து கிடக்கின்றன. கண்ணாடிக்கு வெளியே தீ. முப்பது ஆண்டுக்கும் முன் திரையைச் சுத்தம் செய்தவளாவது ஜன்னல் பக்கம் நின்றாள். கொஞ்சம் முகத்தை நிமிர்த்தினால் போதும். இவளுக்கு ஜன்னல் முதுகுப்பக்கம். கையில் இருக்கும் சின்னத் திரையில் தன் முகம். 2008இல் வந்த ‘சாம்பல் திரை’யில் மறுபடி ஒரு திரைச்சீலை, இந்த முறை விருந்து உடையில் ஒருத்தி அதை வீசி விரிக்கிறாள், வெளியே மறுபடி போர். ஒரே நாடு ஒரே காரியத்தை இரண்டாம் முறை செய்யும்போது ஒரே படத்தை இரண்டாம் முறை செய்வதற்குத் துணிச்சல் வேண்டும். புதுமை வேண்டும் என்ற பசி சந்தையின் பசி. கலைஞர் அதற்குத் தீனி போடவில்லை என்று குறை சொல்கிறோம்.

இப்போது புதிதாக ஒரு வாதம் வந்திருக்கிறது. இளைஞர்கள் சொல்கிறார்கள். கைபேசியில் ஒரு தள்ளலில் காசா, அடுத்த தள்ளலில் செருப்புத் தள்ளுபடி, அதற்கடுத்து பிரியாணி. எல்லாமே கொலாஜாகிவிட்ட காலத்தில் கொலாஜ் செய்ய என்ன இருக்கிறது? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒன்று மேலே போன பிறகுதான் அடுத்தது கீழிருந்து வருகிறது. இரண்டும் ஒரு கணம்கூட ஒரே அறையில் நிற்பதில்லை. பக்கம் புரட்டிய விரலின் வேலையைக் கட்டைவிரல் ஏற்றுக்கொண்டிருக்கிறது, வேகமாக. டம்மித்தாளும் போகவில்லை. போர், சாவு, குண்டு என்ற சொற்கள் உள்ள பக்கத்தில் தங்கள் விளம்பரம் வரக் கூடாது என்று நிறுவனங்கள் சொற்பட்டியல் கொடுக்கின்றன. இயந்திரம் அதைப் பார்த்து விளம்பரத்தை அங்கிருந்து விலக்குகிறது. அந்தச் செய்திக்கு வருமானமும் குறைகிறது. எங்கள் விளம்பரப் பிரிவு வாயால் சொன்னதைத்தான் இன்று கணினி செய்கிறது. பிரித்து வைக்கிற கை இன்னும் வேலையில் இருக்கிறது. எதிர்த்திசையில் வேலை செய்யும் கை மட்டும் தேவையில்லை என்கிறார்கள்.

அன்று அந்த அட்டையை நான்தான் பிரித்தேன். பசை நன்றாகக் காயவில்லை என்பதால் சிரமம் இல்லை. அடியில் கத்தி நுனியை விட்டு லேசாகக் கெல்லினால் துண்டு முழுதாக எழுந்து வந்துவிடும். பட்டு விளம்பரம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்டவ் வெடித்த பெண்ணை எடுத்து, ஏழெட்டுப் பக்கம் தள்ளி, குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கீழே ஓர் இடம் இருந்தது, அங்கே ஒட்டினேன். இடப்பக்கத்தில் விழுந்த அரைப் பத்திப் பள்ளத்துக்கு, சருமம் வறளாமல் இருக்க ஐந்து வழிகள் என்ற குறிப்பு சரியாக வந்தது. நீலக் கோட்டுக்கு நேராக வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, உருளையால் அழுத்தினேன். உதவி ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு, “ம், சரி” என்றார்.